உடைந்த காபி மக்கை ஒட்டிக் குடிக்கலாமா?

போன மார்கழியில் எங்கள் வீட்டு காபி மக் ஒன்றின் கைப்பிடி உடைந்தது. 2006ல் முதல் தடவை ஆன்சைட் போய்த் திரும்பினப்போ அம்மாவுக்கு வாங்கிவந்தது. விரல் மூட்டு வலி வந்தப்புறம் அம்மாவால் சூடான டம்ளரைப் பிடிக்க முடியாது. நாலு விரலும் உள்ளே போகிற பெரிய கைப்பிடி என்பதால் அந்த மக் மட்டும்தான் அவங்களுக்குத் தோது.

பெட்டிக்கடையில் கிடைக்கிற உடனடிப் பசையை வாங்கி, ரெண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்துட்டேன். இழுத்துப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்னது. பதினோராம் நாள் காலை, கைப்பிடி அம்மா கையில், காபி அவங்க மடியில். பாதி குடிச்சு முடிச்சிருந்ததால் சின்னக் கொப்புளத்தோடு போச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை. நான்தான் ரெண்டு வாரம் பசைகளைப் பற்றியே படிச்சுக்கிட்டிருந்தேன்.

முதலில் என் கணக்கு எங்கே தப்புன்னு பார்க்கலாம். மக் 350 கிராம், காபி 300 மி.லி., ஆக 650 கிராம். உடனடிப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், உலர்ந்த நிலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோ அளவுக்குத் தாங்கக்கூடியது. கைப்பிடியின் ரெண்டு முனையும் சேர்ந்தால் ரெண்டு சதுர சென்டிமீட்டராவது வரும். அப்படின்னா பலம் ஏராளம். ஆனா அந்த நூறு கிலோ அறை வெப்பநிலைக்கானது. சாதாரண சயனோஅக்ரிலேட் 80 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். ஈரமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். தினம் ரெண்டு தடவை சூடு, ரெண்டு தடவை கழுவல். நான் டெஸ்ட் பண்ணினது காலி மக்கை, அதுவும் ஆறின மக்கை. இருபது வருஷமா சாஃப்ட்வேர் எழுதுறவன் செய்யக்கூடாத டெஸ்டிங்!

இன்னொண்ணு. "மக் உடைஞ்சுது" என்று ஒரே பேச்சாகச் சொல்றோமே தவிர, அது ரெண்டு வேற வேற பிரச்சினை. கைப்பிடி உடைந்தால் பசை காபியைத் தொடாது, ஆனா முழு எடையையும் தாங்கணும். உடம்பு விரிந்தால் எடை பெரிசா இல்லை, ஆனா பசை காபியிலேயே ஊறும். முன்னதில் ஆபத்து தீக்காயம், பின்னதில் வயிற்றுக்குள் போவது என்ன என்கிற கேள்வி.

கைப்பிடிக்கு எபாக்ஸி பரவாயில்லை. ரெசின், ஹார்டனர் என்று ரெண்டு ட்யூபாக வருமே, அது. அதிலும் அஞ்சு நிமிஷத்தில் இறுகுகிற வகை வேண்டாம், சூட்டில் அது சீக்கிரம் மெத்துன்னு ஆயிடும். மெதுவாக இறுகுகிற வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த எபாக்ஸிக்கும் ஒரு வெப்பநிலை இருக்கு. அதைத் தாண்டினால் கண்ணாடி மாதிரி இருந்தது ரப்பர் மாதிரி ஆகும். பசை இறுக இறுக அந்த எல்லை ஏறிக்கிட்டே போகும். அது அறை வெப்பநிலையைத் தாண்டினதும் மூலக்கூறுகள் நகர முடியாமல் உறைஞ்சு, வினை பாதியிலேயே நின்னுடும். அறையில் வெச்சு இறுகவிட்ட எபாக்ஸியின் எல்லை பெரும்பாலும் 50-60 டிகிரி பக்கத்தில்தான் நிற்கும். 76 டிகிரி காபி ஊற்றி, ஒரு நிமிஷம் கழிச்சு கைப்பிடி ஒட்டுகிற இடத்தை அளந்தேன். 63 டிகிரி. அதனால ஒட்டி ஒரு நாள் விட்டு, பேக்கிங் அவனில் 70-80 டிகிரியில் ரெண்டு மணி நேரம் வெச்சு எடுக்கணும். சூட்டில் நின்னுபோன வினை மறுபடி தொடரும், எல்லையும் மேலே ஏறும்.

உடம்பு விரிசலுக்கு வருவோம். மக்கின் அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத வளையம் ஒன்று இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உறிஞ்சினால் அது நுண்துளை மண். உடைந்த விளிம்பு வழியா பாலும் காபியும் உள்ளே இறங்கி அங்கேயே தங்கும், சோப்பு எட்டாது. அதை ஒட்டிக் குடிக்கிறதை மறந்துடலாம். போர்சலின் உறிஞ்சாது, அதனால கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

அப்பவும் பசை? அமெரிக்க எஃப்டிஏ விதிகளில், உணவுப் பொருளில் பயன்படும் ஒட்டுப்பசைக்கும் உணவுக்கும் நடுவே தடுப்பு இருக்கணும், இல்லாட்டி ஓரங்களில் படுவது மிகச் சொற்பமா இருக்கணும். உணவைத் தொடும் பூச்சுகளுக்குத் தனி விதி, அதில் கரைந்து வருகிற அளவுக்கு வரம்பு உண்டு. ட்யூபில் "ஃபுட் சேஃப்" என்று போட்டிருந்தால் சரியான விகிதத்தில் கலந்து, முழுசா இறுகினப்புறம் என்று படிச்சுக்கணும். சமையல் மேடையில் கண்ணளவில் கலக்குறது அதில் சேராது.

ஜப்பான்காரர்கள் நிஜமாவே குடிக்கிற மாதிரி ஒட்டுறாங்க. கின்ட்சுகி. தங்கக்கோடு போட்ட படங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஒட்டுறது தங்கம் இல்லை, உருஷி என்கிற மரப்பால். கோதுமை மாவோடு பிசைந்து பசையாக்குறாங்க. மிசோ சூப் குடிக்கிற மரக் கிண்ணங்களுக்கு மேல்பூச்சும் இதேதான். நம்ம முந்திரி, மா, சேங்கொட்டை எல்லாம் அந்த மரத்தின் குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகுமே, பச்சை உருஷியும் அதே மாதிரி அரிப்பெடுக்க வைக்கும். இறுகினப்புறம் சாது. இறுக வேண்டியது 70-85 சதவீத ஈரப்பதத்தில், அதற்காக ஈரப் பெட்டி செய்து வாரக்கணக்கில் வைக்கிறாங்க. (ஐப்பசி மாதச் சென்னையில் பெட்டி தேவைப்படாது.) ஆன்லைனில் "கின்ட்சுகி கிட்" என்று மலிவாக வருகிற பலதில் இருப்பது எபாக்ஸியும் தங்க நிறப் பொடியும்தான், அலமாரிக்குச் சரி. உலோகப் பொடி பூசினது மைக்ரோவேவுக்குள் போகக்கூடாது.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "ஒரு மக்குக்கு இவ்வளவா? பேசாம வேற வாங்கிக் குடு" என்றார்.

பழைய பசையை அசிட்டோனில் ஊறவெச்சு எடுத்து, எபாக்ஸி போட்டு, அவனில் வெச்சேன். கொதிநீர் ஊற்றி, ஸிங்க் மேலே கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கி முப்பது தடவை பார்த்தேன். நின்னது. இருந்தாலும் அதில் இப்போ குடிக்கிறது நான்தான், ஒரு கை அடியில் கொடுத்து. அம்மாவுக்குப் பெரிய கைப்பிடியோடு ரெட்டைச் சுவர் எவர்சில்வர் மக் வந்தாச்சு. காபி ஆறவே மாட்டேங்குதுன்னு தினம் புகார்.