‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் கை வைக்கலாமா?

வைஃபை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்வான்ஸ்ட்’ என்று ஒரு மூலை உண்டு. திறந்தால் பீக்கன் இடைவெளி 100, ஆர்டிஎஸ் எல்லை 2347, சனல் அகலம், அனுப்பு வலு என்று எண்களாக வந்து நிற்கும். பலர் பார்த்தவுடனேயே மூடிவிடுகிறார்கள். துணிச்சல்காரர்கள் யூடியூபில் யாரோ சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பிறகு ரீசெட் துளைக்குள் விட ஊசி தேடுகிறார்கள்.

கேகாலை மாவட்டத்து மாவனல்லையை எடுத்துக்கொண்டால், கடைத்தெருவில் இருப்பவருக்கு இந்தப் பக்கத்தில் வேலை இருக்கிறது. மேலே தோட்டத்தில் இருப்பவருக்கு அநேகமாக இல்லை.

கொழும்பு–கண்டி வீதியின் இரு பக்கமும் கடைகள் தோளோடு தோள் முட்டி நிற்கின்றன. கடைக்கு ஒரு ரூட்டர், மாடிக்கு ஒன்று. 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 13 சனல்கள் இருந்தாலும், ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. வைஃபை கருவி பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அதே சனலில் வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். நெரிசலில் வேகம் படுத்துவிடுவதற்கு இந்தக் காத்திருப்புத்தான் காரணம், பக்கேஜ் அல்ல.

யாரும் எதுவும் பார்க்காத நேரத்திலும் சனல் சும்மா கிடப்பதில்லை. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஒவ்வொரு ரூட்டரும் செக்கனுக்குப் பத்துத் தடவை அறிவிக்கிறது. அதுதான் பீக்கன். மிகப் பழைய கருவிக்கும் புரியவேண்டும் என்பதற்காக, 2.4 பட்டையில் இது பெரும்பாலும் செக்கனுக்கு 1 மெகாபிட் என்ற ஆமை வேகத்தில் போகிறது. பீக்கன் 250 பைட் நீளம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 2 மில்லிசெக்கன், பத்துக்கு 20. சனலின் நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஒரு ரூட்டரின் அறிவிப்புக்கே செலவு. ஒரே சனலில் இருபது ரூட்டர்கள் கூடிவிட்டால் நூற்றுக்கு நாற்பது போய்விடும், ஒருவரும் ஒரு படம்கூடப் பார்க்காமலேயே.

ஆகவே கடைக்காரர் 802.11பி என்ற பழைய முறையை நிறுத்திவிடலாம். சனல் அகலத்தை 40 இலிருந்து 20 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்கலாம். இயன்றால் 5 கிகாஹேர்ட்ஸுக்கே மாறலாம். அனுப்பு வலுவையும் குறைக்கலாம். கூட்டினால்தானே நல்லது என்று தோன்றும். ரூட்டரின் குரல் தூரம் போகும், உண்மை. ஆனால் பதில் சொல்லவேண்டிய போனின் வலு பழையபடிதான் இருக்கும். திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்க, பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தில் இந்த நெரிசல் இல்லை. அங்கே சிக்கல் சுவரும் தகரமும். லயத்துக் காம்பராவின் கல்சுவர் தடிப்பானது, கூரைத் தகரமோ அலையைத் திருப்பியடிக்கும். 4ஜி ரூட்டரை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். மழையைக் குறை சொல்வதிலும் பாதிதான் நியாயம்: இந்த அலைநீளங்களில் மழைத்துளி தின்பது மிகச் சொற்பம். நனைந்த இலைதான் தின்கிறது, அதுவும் இறப்பர் மரங்கள் நிறைந்த மலைச்சரிவில் தாராளமாக.

ஒரே ஓர் எண் மட்டும் லயத்துக்கு உதவும் என்று தோன்றலாம். நீண்ட லயத்தின் நடுவில் ரூட்டர், இரு கோடியிலும் ஆளுக்கொரு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை முகட்டின் இரு புறமும் நிற்கும் இருவர் உச்சியில் நிற்பவரை ஒரே நேரத்தில் கூப்பிடுவதுபோல, அந்தப் போன்கள் ஒன்றையொன்று கேட்காமல் ஒன்றாகப் பேசி மோதிக்கொள்ளும். ஆனால் ரூட்டரில் ஆர்டிஎஸ் எல்லையை 2347 இலிருந்து 500 அளவுக்குக் குறைத்தால், பெரிய பொதியை அனுப்புமுன் அனுமதி கேட்பது ரூட்டர்தான், போன்கள் அல்ல. வேகம் சற்றுக் குறையும், போன்களின் மோதல் நிற்காது.

உள்ளே இருக்கும் எண்கள் உண்மையிலேயே ஊரின் தலையெழுத்தை மாற்றிய இடம் ஒன்று உண்டென்றால் அது தமிழ்நாட்டின் தேனி. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையை ஆண்டிபட்டி, போடி போன்ற ஊர்களின் கண் பரிசோதனை நிலையங்களோடு இணைக்க, கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் பிரூவர் குழுவினர் சாதாரண வைஃபை அட்டைகளையே கோபுரங்களில் ஏற்றினார்கள். நோயாளி கிராமத்தில் கமராவின் முன் அமர்வார். மருத்துவர் தேனியிலிருந்து பார்த்துப் பேசுவார். இணைப்புகளில் மிக நீண்டது 15 கிலோமீற்றர்.

வைஃபையில் ஒவ்வொரு பொதிக்கும் ‘கிடைத்தது’ என்ற சிறு பதில் வரவேண்டும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் பொதி தொலைந்தது என்று முடிவுகட்டி, அனுப்பியவர் மறுபடியும் அனுப்புவார். அந்த நேரம் வீடு, அலுவலகத் தூரத்துக்கு அளந்து வைத்தது. அலை ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் ஓடும். 15 கிலோமீற்றர் போக 50, திரும்ப 50, ஆக 100 மைக்ரோசெக்கன். பதில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமை இழந்துவிடுவார். பேசுமுன் கேட்கும் பழக்கமும் இங்கே காலை வாரும்: எதிர்முனை பேசத் தொடங்கியது 50 மைக்ரோசெக்கன் பிந்தியல்லவா காதில் விழுகிறது.

குழு காத்திருப்பு நேரத்தை நீட்டியதோடு நிற்கவில்லை. காது கொடுக்கும் முறையையே நிறுத்திவிட்டு, இரு முனைக்கும் முறை வைத்து நேரம் பிரித்தது. பொதிக்கொரு பதில் என்பதற்குப் பதிலாக மொத்தமாக ஒரு பதில். 2007 இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி தரவு ஓட்டம் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டில் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியத்ரோசெமோலி இரு மலைகளுக்கிடையே 382 கிலோமீற்றருக்கு வைஃபையை எட்டச் செய்தார். வெளியில் பொருத்தும் ரேடியோக்களில் இன்று ‘தூரம்’ என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. வீட்டு ரூட்டரில் அதைத் தேடவேண்டாம்.

தேனிக் குழு பிற்பாடு எழுதியதில் நமக்கு வேண்டிய பாடம் வேறு: கிராமத்து இணைப்புகளை அதிகம் படுத்தியது அலை அல்ல, மோசமான மின்சாரம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கும் கேகாலை மாவட்டத்துக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கடையோ காம்பராவோ, எல்லாரும் தொடவேண்டிய அமைப்பு ஒன்று: கடவுச்சொல் தட்டாமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ். அதன் எட்டு இலக்க பின் எண்ணை இரு துண்டாகச் சரிபார்ப்பதால், அதிகம் போனால் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 இலேயே ஸ்டீபன் வீபொக் காட்டிவிட்டார். உங்கள் ரூட்டரில் அது இன்னும் ‘ஒன்’ என்றிருந்தால் இன்றைக்கே ‘ஓஃப்’ செய்யுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் ‘அட்மின்’ என்றே இருந்தால் அதையும் கையோடு மாற்றிவிடுங்கள்.