விளிம்படி ரைபிளின் விசைவில் மேம்பாடு

விளிம்படி ரைபிளின் விசைவில் மேம்பாடு என்பது, தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கச் செய்யும் சிறுவிட்ட ரைபிள்களில், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட விசைவில் தொகுதியையோ அதன் சில உறுப்புகளையோ மாற்றி, சுடுவதற்குத் தேவையான அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்குவதைக் குறிக்கும். விசைவில் என்பது துப்பாக்கியில் விரலால் இழுக்கப்படும் உறுப்பு ஆகும். இது பேச்சு வழக்கில் துப்பாக்கியின் குதிரை என்றும் டிரிகர் என்றும் அழைக்கப்படுகிறது. இயற்பியலில் வழங்கும் விசை என்னும் சொல்லோடு மயங்காதிருக்க, இக்கட்டுரையில் விசைவில் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையாளர்கள் பலர் இம்மாற்றத்தை வீட்டிலேயே செய்து கொள்கின்றனர். பார்வைக்கு எளிய வேலையாகத் தோன்றினாலும், இழுப்பைக் கடினமாக்கும் அதே உலோகத் தொடுபரப்புத்தான் துப்பாக்கி தானாக வெடிக்காமலும் தடுத்து நிறுத்துகிறது. இம்மேம்பாட்டின் பயன், இடர் ஆகிய இரண்டும் இந்த ஓர் உண்மையில் அடங்கியுள்ளன.

பின்னணி

விளிம்படித் தோட்டாவில் அதிர்ச்சியால் தீப்பற்றும் கலவை, தோட்டாக்கூட்டின் அடியில் உள்ள உள்ளீடற்ற விளிம்புக்குள் பரவியிருக்கும். 1845ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃபுளோபேர் இவ்வகைத் தோட்டாவின் முன்னோடியை உருவாக்கினார். 1857இல் சுமித் அண்டு வெசன் நிறுவனம் .22 சார்ட் தோட்டாவையும், 1887இல் சிடீவன்சு நிறுவனம் .22 லாங் ரைபிள் தோட்டாவையும் வெளியிட்டன. பின்னது இன்றளவும் பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் பெருமளவில் பயன்படுகிறது.

இத்தோட்டாவைப் பயன்படுத்தும் ரைபிள்களுள் பரவலாக அறியப்பட்டது ரூகர் 10/22 ஆகும். இது 1964இல் அறிமுகமானது. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி வகையைச் சேர்ந்தது. பத்துத் தோட்டாக்களைக் கொள்ளும் சுழல் வடிவத் தோட்டாக்கூடு இதன் சிறப்பியல்பு ஆகும். இதன் விசைவில், சுத்தியல், அவற்றின் சுருள்வில்கள் ஆகிய அனைத்தும் ஒரே கூட்டுக்குள் அடக்கப்பட்டு, இரு குறுக்கு ஊசிகளால் துப்பாக்கியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளன. இவ்வமைப்பே வீட்டில் மாற்றம் செய்யும் வழக்கத்துக்கு வழிவகுத்தது எனலாம்.

இயங்கும் முறை

சுடும் பொறியமைப்பின் முதன்மை உறுப்புகள் வருமாறு:

- சுத்தியல்: சுருள்வில்லின் ஆற்றலால் முன்னோக்கிப் பாய்ந்து அடியூசியைத் தாக்கும் உறுப்பு.
- பிடிநெம்பு: சுத்தியலில் உள்ள வெட்டில் பொருந்தி அதனைத் தடுத்து நிறுத்தும் உறுப்பு.
- விசைவில்: விரலால் இழுக்கப்படும்போது பிடிநெம்பை விலக்கும் உறுப்பு.
- துண்டிப்பான்: ஒரு முறை சுட்டதும் விசைவிலுக்கும் பிடிநெம்புக்கும் இடையிலான தொடர்பை நீக்கும் உறுப்பு. விரலை விட்டு மீண்டும் இழுத்தாலன்றி அடுத்த சூடு நிகழாதவாறு இது தடுக்கிறது.

விசைவிலின் பயணம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பிடிநெம்பு அசையத் தொடங்கும் முன் உள்ள வெற்று அசைவு தளர்வோட்டம் எனப்படும். பிடிநெம்பு வெட்டிலிருந்து உராய்ந்து நழுவும் தொலைவு தவழ்வு எனப்படும். சுத்தியல் விடுபட்ட பின்னும் விசைவில் பின்னோக்கிச் செல்லும் தொலைவு மிகையோட்டம் எனப்படும். நல்ல விசைவில் என்று குறிசுடுவோர் கூறுவது எடை குறைந்ததை மட்டுமன்று. தவழ்வும் மிகையோட்டமும் குறைந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுபடுவதையே அவ்வாறு குறிப்பிடுகின்றனர்.

இழுப்பு எடையும் குறியும்

சுத்தியலை விடுவிக்கத் தேவைப்படும் விசையின் அளவு இழுப்பு எடை எனப்படும். ரூகர் 10/22 கார்பைன் வகையின் எடை ஏறத்தாழ 5 பவுண்டு (2.3 கிலோகிராம்). தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண விசைவிலின் இழுப்பு எடையும் பொதுவாக 5 முதல் 6 பவுண்டு வரை உள்ளது. அதாவது துப்பாக்கியைத் தூக்குவதற்குத் தேவையான விசைக்கு இணையான விசையை, ஒற்றை விரலால், துப்பாக்கி அசையாதவாறு செலுத்த வேண்டும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. 1 மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை 0.1 மில்லிமீட்டர் விலகினால், 50 மீட்டர் தொலைவில் குண்டு 5 மில்லிமீட்டர் விலகிச் செல்லும். வளையத்தின் மையத்தைக் குறிவைத்தவரும் அதன் ஓரத்தையே அடைவார்.

பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளில் 50 மீட்டர் ரைபிளுக்குக் குறைந்தபட்ச இழுப்பு எடை வரையறுக்கப்படவில்லை. எனவே, போட்டி ரைபிள்களில் 100 கிராம் அளவிலும் இழுப்பு எடை அமைக்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவின் சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போட்டியும் விளிம்படி ரைபிளால் சுடப்படுவதே. ஆயினும் போட்டி ரைபிள்கள் குறைந்த இழுப்பு எடைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சுடுதளத்தில், கடும் ஒழுங்குமுறைக்குள் மட்டும் கையாளப்படுபவை. வயல்வெளியில் சுமந்து செல்லப்படும் ஒரு துப்பாக்கிக்கு அதே அளவு பொருந்தாது.

இழுப்பை நிர்ணயிக்கும் காரணிகள்

- தொடுகோணம்: பிடிநெம்பும் சுத்தியலின் வெட்டும் சந்திக்கும் கோணம். நேர்க்கோணத்தில், விசைவிலை இழுக்கும்போது சுத்தியல் சிறிதளவு பின்தள்ளப்படும். பாதியில் விரலை விட்டால் உறுப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். எதிர்க்கோணத்தில், சுத்தியலே பிடிநெம்பை வெளியே தள்ள முயலும். எதிர்க்கோணம் மிகவும் ஆபத்தானது.
- தொடுஆழம்: இரு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அளவு. இதனைக் குறைத்தால் தவழ்வு குறையும், பிடிமானமும் குறையும்.
- உராய்வு: பரப்புகள் வழவழப்பாக இருந்தால் இழுப்பு சீராகும்.
- சுருள்வில்கள்: சுத்தியலின் சுருள்வில் வலிமையாக இருந்தால், தொடுபரப்பில் அழுத்தம் கூடி உராய்வும் கூடும்.
- நெம்பு விகிதம்: ஊசியிலிருந்து விரல்படும் இடமும் பிடிநெம்பும் அமைந்துள்ள தொலைவுகளின் விகிதம்.

விளிம்படித் தோட்டாவின் தனித்தன்மை

இழுப்பைக் குறைக்க எளிய வழி, சுத்தியலின் சுருள்வில்லை வலிமை குறைந்ததாக மாற்றுவதே என்று தோன்றும். விளிம்படி ரைபிளில் இது விரைவில் சிக்கலில் முடிகிறது. அடியூசி பித்தளை விளிம்பை நசுக்கினால்தான் உள்ளிருக்கும் கலவை தீப்பற்றும். சுத்தியலின் ஆற்றல் குறைந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம், அல்லது தாமதித்து வெடிக்கலாம். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியேற்ற முயலாமல், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையிலேயே குறைந்தது 30 நொடிகள் வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பயிற்சி விதி.

மேலும், வலிமை குன்றிய சுருள்வில் சுத்தியலை மெதுவாகச் செலுத்தும். விசைவில் விடுபடுவதற்கும் அடியூசி அடிப்பதற்கும் இடையிலான நேரம் கூடி, அதற்குள் துப்பாக்கி அசைய வாய்ப்பு ஏற்படும். குறியைத் திருத்தச் செய்த மாற்றமே குறியைக் கெடுக்கக் கூடும்.

மேம்படுத்தும் முறைகள்

முழுத்தொகுதி மாற்றம்: கூடு உட்பட விசைவில் தொகுதி முழுவதையும் கழற்றி, தயாரிப்பாளர் ஒன்றுசேர்த்துச் சோதித்த மற்றொரு தொகுதியைப் பொருத்துதல். ரூகர் நிறுவனமே பி.எக்ஸ். டிரிகர் என்ற பெயரில் 2.5 முதல் 3 பவுண்டு (1.1 முதல் 1.4 கிலோகிராம்) வரை இழுப்பு எடை கொண்ட மாற்றுத் தொகுதியை விற்பனை செய்கிறது. தோட்டாக்களை நீக்கிய துப்பாக்கியை அதன் கட்டையிலிருந்து பிரித்து, இரு குறுக்கு ஊசிகளை அகற்றினால் தொகுதி தனியே வந்துவிடும். எந்த உலோகமும் அராவப்படாததால், இதுவே வீட்டுச் சூழலுக்கு ஏற்ற முறையாகக் கருதப்படுகிறது.

உறுப்பு மாற்றம்: சுத்தியல், பிடிநெம்பு, சுருள்வில் ஆகியவற்றுள் சிலவற்றை மட்டும் மாற்றுதல். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் உறுப்புகளைக் கலந்து பொருத்தினால், தொடுகோணமும் தொடுஆழமும் எவர் கணக்கிலும் வராத அளவில் அமைந்துவிடக் கூடும்.

அராவுதல்: பழைய உறுப்புகளின் தொடுபரப்பைச் சாணைக்கல்லால் தேய்த்தல். இதுவே இடர் மிகுந்தது. பல உறுப்புகளில் எஃகின் மேற்பரப்பு மட்டும் மெல்லிய படலமாகக் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அப்படலம் தேய்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு வெளிப்படும். தேய்த்த அன்று சிறப்பாக இயங்கும் விசைவில், சில நூறு முறை சுட்ட பின் தேய்மானத்தால் நழுவத் தொடங்கலாம். மாற்றம் வெற்றி பெற்றது என்று உரிமையாளர் நம்பிய பிறகே குறை வெளிப்படுவது இதன் பேராபத்து.

பாதுகாப்பு

பிடிமானம் போதாத துப்பாக்கியில் மூன்று வகைக் கோளாறுகள் தோன்றலாம். கீழே விழும்போதோ இடிபடும்போதோ தானாக வெடிக்கலாம். அரைத்தானியங்கித் துப்பாக்கியில் ஓர் இழுப்புக்கு இரு தோட்டாக்கள் வெடிக்கலாம். பாதுகாப்புப் பொத்தானை விடுவிக்கும்போதே வெடிக்கலாம். பல துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பொத்தான் விசைவிலின் அசைவை மட்டுமே தடுக்கும், சுத்தியலைத் தடுப்பதில்லை. பிடிநெம்பு நழுவினால் அத்தகைய பொத்தானால் பயனில்லை.

தொழிற்சாலைகளும் இதில் தவறியுள்ளன. 2014இல் ரெமிங்டன் நிறுவனம், எக்சு-மார்க் புரோ விசைவில் பொருத்திய ரைபிள்களைத் திரும்பப் பெற்றது. ஒன்றுசேர்க்கும்போது அளவுக்கு மிகுதியாகப் பூசப்பட்ட ஒட்டுப்பொருள், விசைவிலை இழுக்காமலே துப்பாக்கி வெடிக்கக் காரணமாகலாம் என்று அறிவிக்கப்பட்டது. 2017இல் ரூகர் நிறுவனம் மார்க் 4 விளிம்படிக் கைத்துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது. பாதுகாப்பு நெம்பு இடைநிலையில் இருக்கும்போது விசைவில் இழுக்கப்பட்டால், பின்னர் நெம்பை நகர்த்துகையில் வெடிக்கும் வாய்ப்பு கண்டறியப்பட்டதே காரணம். கருவிகளும் சோதனைக்கூடமும் உள்ள இடத்திலேயே சிறு பிழை தப்பிவிடுமாயின், வீட்டு மேசையில் தேய்க்கப்படும் உறுப்பைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

சோதனை

அமெரிக்காவில் 1926இல் நிறுவப்பட்ட விளையாட்டுப் படைக்கலன் மற்றும் வெடிபொருள் உற்பத்தியாளர் கழகத்தின் தரவரையறையில், துப்பாக்கியை 4 அடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின்மேல் விழச் செய்யும் சோதனையும், 12 அங்குல உயரத்திலிருந்து இடிபடச் செய்யும் சோதனையும் உள்ளன. இவை உற்பத்தியாளர்களுக்கானவை, மெய்யான தோட்டாவுடன் செய்யப்படுவன அல்ல.

வீட்டில் உறுப்புகளை மாற்றியவர் செய்யக்கூடியவை எளியவை. தோட்டாக்கூட்டை மட்டும் அகற்றுவது போதாது. அறையிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். வெற்றுத் துப்பாக்கியில் பாதுகாப்புப் பொத்தானும் துண்டிப்பானும் பலமுறை சரியாக இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். சுடுதளத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டாவையும், பின்னர் இரண்டையும் மட்டும் ஏற்றிச் சுட வேண்டும். இரட்டை வெடிப்பு நேர்ந்தால் எஞ்சிய தோட்டாக்கள் பலவாக இராதிருக்கவே இம்முறை கையாளப்படுகிறது. ஐயம் எழுந்தால் பழைய தொகுதியை மீண்டும் பொருத்திவிட்டு, பயிற்சி பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டுவதே முறை.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் 10/22 ரைபிளின் விசைவில் தொகுதி கூட்டாட்சிச் சட்டப்படி தனித் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் ஓர் இழுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைத் தானாகச் சுடும் துப்பாக்கி, 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயந்திரத் துப்பாக்கி ஆகும். எனவே பழுதான மேம்பாடு விபத்துக்கு மட்டுமன்றிச் சட்டச் சிக்கலுக்கும் இடமளிக்கும். ஐக்கிய இராச்சியத்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தானே தோட்டா ஏற்றும் ரைபிள்களைத் தடைசெய்தபோது, .22 விளிம்படி வகைக்கு விலக்கு அளித்தது. ஆத்திரேலியாவில் 1996க்குப் பின் அரைத்தானியங்கி விளிம்படி ரைபிள்களும் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, படைக்கலன்களைத் தயாரிப்பது, பழுதுபார்ப்பது, மாற்றியமைப்பது ஆகியவற்றை உரிமம் பெற்றவர்களுக்கே உரியதாக்குகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதனை மாற்றியமைக்கும் உரிமம் ஆகாது.