கென்யா சஃபாரி: நாலு பேர் போறீங்களா? பணத்தை ஒருத்தரே கட்டாதீங்க

தேர்வாய் கண்டிகை சிப்காட்ல வேலை பார்க்கிற ஒரு சப்ஸ்கிரைபர் கேட்டிருந்தார்: "நாங்க நாலு பேர் மசாய் மாரா போறோம். தலைக்கு 3 லட்சம் பேக்கேஜ். எல்லாரும் எனக்கு ஜிபே பண்ணிடுவாங்க, நான் மொத்தமா ஏஜென்ட்டுக்குக் கட்டிடவா?"

வேண்டாம். ஏன்னு கணக்கு போட்டே காட்டுறேன்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா ஏஜென்ட் உங்ககிட்ட டிசிஎஸ் பிடிக்கணும் (கம்பெனி பேர் இல்லைங்க, வரி!). 2025-26-ல ஒரு பான் நம்பருக்கு வருஷத்துல 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%னு இருந்தது. அந்தக் கணக்குப்படி நாலு பேரும் தனித்தனியா கட்டினா ஆளுக்கு 15,000, மொத்தம் 60,000. நீங்க ஒருத்தரே 12 லட்சம் கட்டினா? முதல் 10 லட்சத்துக்கு 50,000, மீதி 2 லட்சத்துக்கு 40,000. ஆக 90,000. அது முழுக்க உங்க பான் கணக்குல உட்காரும். ரீஃபண்ட் வந்ததும் நண்பர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற பஞ்சாயத்து வேற. 6 லட்சம் சம்பளக்காரர் 12 லட்சத்துக்கு டூர் போனாரான்னு டிபார்ட்மென்ட் கேட்டா, அந்தப் பதிலையும் நீங்கதான் சொல்லணும்.

இந்த டிசிஎஸ் செலவு இல்லை, முன்கூட்டி கட்டின வரி. உங்க சம்பளத்துல டிடிஎஸ் பிடிச்சா, டிசிஎஸ் விவரத்தை ஹெச்ஆர்கிட்ட கொடுங்க. அந்த அளவு டிடிஎஸ் குறையும். 2024 அக்டோபர்ல வந்த வசதி, நிறைய பேருக்குத் தெரியாது. புது வரி முறையில 12.75 லட்சம் சம்பளம் வரை வரியே இல்லைன்னு ரிட்டர்ன் போடாம விட்டுடாதீங்க. போட்டாதான் இந்தப் பணம் திரும்பி வரும். அதோட, வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினாலே ரிட்டர்ன் கட்டாயம்.

அடுத்தது, எப்போ போறது? மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200. மூணு நாளுக்கு 300 டாலர் வித்தியாசம். டாலர் 86 ரூபாய்ன்னு வச்சாலே ஆளுக்கு 25,800! வைல்டுபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடக்கிறதைப் பார்த்தே ஆகணும்னா ஜூலைக்கு மேலதான், வேற வழியில்லை. சிங்கம், சிறுத்தை போதும்னா என் ஓட்டு பிப்ரவரிக்கு. (ஃப்ளமிங்கோ மட்டும்னா பக்கத்துல பழவேற்காடு இருக்கு, பைக்குக்குப் பெட்ரோல் போட்டா போதும்.)

பர்சனல் லோன் போட்டுப் போறவங்களுக்கு: 3 லட்சம், 14%, மூணு வருஷம்னா இஎம்ஐ 10,253. வட்டி மட்டுமே 69,000 சொச்சம். மாசம் 12,000 ஆர்டி போட்டா ரெண்டே வருஷத்துல 3 லட்சம் கையில. சிங்கம் எங்கேயும் போயிடாது.

கடைசியா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. கிளம்புறதுக்கு 10 நாளாவது முன்னாடி போட்டிருக்கணும். சர்டிஃபிகேட் இல்லாம கென்யால இருந்து திரும்பினா இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்துவாங்க. அது உங்க லீவு கணக்குலதான் போகும். ஷிஃப்ட் பார்த்து இப்பவே ஒரு நாள் ஒதுக்கிடுங்க.