பிரசவத்தோடு நின்றுபோகும் அக்கறை

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெண்பிள்ளை சமைந்துவிட்டால் வீட்டில் உளுந்து ஊறத் தொடங்கிவிடும். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், முட்டை என்று கொடுத்து அவள் இடுப்புக்கு வலுச் சேர்ப்பதைப் பெரியவர்கள் தங்கள் கடமையாக நினைக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் அப்படித்தான்: காயமருந்து, பூண்டு, வெந்நீர்க் குளியல், பத்தியச் சாப்பாடு. மணப்பாடு, புன்னைக்காயல் போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்களானாலும், காயல்பட்டினத்து முஸ்லிம் வீடுகளானாலும், உப்பளங்களை ஒட்டிய குடியிருப்புகளானாலும் பக்குவம்தான் மாறும்; பராமரிப்பு மாறாது. மரபுச் சமூகங்களுக்குப் பெண்ணின் உடம்பைப் பற்றி அக்கறையே இல்லை என்று பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அக்கறை இருக்கிறது, ஆனால் அது பூப்புக்கும் பிரசவத்துக்கும் மட்டுமே சுரக்கிறது. மற்ற காலங்களில் வரும் வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, நிற்காத உதிரப்போக்கு, கர்ப்பப்பை இறக்கம் எல்லாம் அவளே பொறுத்துக்கொள்ள வேண்டியவை ஆகிவிடுகின்றன.

இந்த நிலையை மாற்ற வந்த அரசும் அதே இரண்டு சமயங்களில்தான் கண்ணைத் திறக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘புதுயுகம்’ திட்டத்தின் இலவச நாப்கின் யாருக்குப் போகிறது? வளரிளம் பெண்களுக்கு, அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு, சிறையில் இருக்கும் பெண்களுக்கு. நாற்பது வயதில் கூலி வேலைக்குப் போகிறவள் அந்தப் பட்டியலில் இல்லை. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று ரொக்கமும் பொருளுமாக 18,000 ரூபாய் தருகிறது. அது முதல் இரண்டு பிரசவங்களுக்கு. கணக்கெடுப்பின் கதையும் இதுவே. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 98 சதவீதப் பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் சுகாதாரமான முறைகளைக் கையாளுவதாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்வி 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் மட்டுமே கேட்கப்பட்டது. களிக்குப் பதில் நாப்கின், காயமருந்துக்குப் பதில் நிதியுதவி. கர்ப்பப்பைக்குப் பிள்ளை தரும்வரைதான் மதிப்பு என்பதில் மரபும் அரசும் ஒத்துப்போகின்றன. கடலோரப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடைதோறும் சொல்லப்படும் குறை, பெரும்பாலும் இந்த இரண்டும் பார்க்கத் தவறும் இடத்தில்தான் பிறக்கிறது.

பார்த்த இடத்தில் அரசு சாதித்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள் என்றால் தமிழ்நாட்டில் 54 பேர். மருத்துவச்சியின் கையை நம்பியிருந்த ஊர்கள் இரண்டு தலைமுறைக்குள் இப்படி மாறியதற்குச் சுவரொட்டி மட்டும் காரணமல்ல. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம், வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர், கூப்பிட்டால் வரும் 108 வண்டி, கைக்கு வரும் பணம், கர்ப்பத்தைப் பதிவு செய்யாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்ற கட்டாயம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. வசதி முன்னே போனது, பழக்கம் பின்னே வந்தது. ஆனால் பிள்ளைப்பேறு முடிந்ததும் வசதி நின்றுவிடுகிறது. அந்தக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தொடுமுன்பே அதைச் செய்துகொள்கிறார்கள். அன்றோடு செவிலியரின் பதிவேட்டில் அவர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்க இன்னும் இருபது வருடம் இருக்கிறது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரக்கூடிய வயதோ இனிமேல்தான் தொடங்குகிறது.

அந்த வயதுப் பெண்களைத் தூத்துக்குடியில் தேட வேண்டிய இடம் உப்பளம். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிக உப்பு விளையும் பகுதி இது. உப்பு வாருவதிலும், வாரியதைச் சுமந்து தட்டுமேட்டில் குவிப்பதிலும் பெண்களின் பங்கு பெரிது. தை, மாசியில் தொடங்கி மழை வரும் வரை வேலை. வெயிலுக்கு முன் கொஞ்சமாவது முடித்துவிட வேண்டும் என்று விடியுமுன்பே போய்விடுகிறார்கள். பாத்தி நீர் காலை அரிக்கிறது, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தில் அடிக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மறைவு இல்லை, பெரும்பாலான இடங்களில் கழிப்பறை இல்லை. சிறுநீர் கழிக்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வெயிலில் நீர் குறைந்தால், அடக்கவும் செய்தால், சிறுநீர்த் தொற்று வரும். கர்ப்பிணிக்கு வந்தால் அது குறைப்பிரசவம் வரை போகலாம். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று இவர்களில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் சொல்லியாவது தெரியும். தெரிந்து என்ன செய்வது? மாற்றுவதற்கு மறைவும், கழுவுவதற்கு நல்ல தண்ணீரும், போடுவதற்குத் தொட்டியும் இல்லாத இடத்தில் அந்த அறிவு மனக்குறையாகத்தான் மிஞ்சும்.

வெயிலின் விளைவுக்குத் தமிழ்நாட்டிலேயே ஆய்வுச் சான்று இருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2017-ல் தொடங்கி 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். 2024-ல் வெளியான முடிவின்படி, அப்படிப்பட்டவர்களுக்குக் கருச்சிதைவும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். கர்ப்பம் இல்லாத காலத்து நோய்களைப் பற்றிய பழைய சான்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியிலிருந்து வருகிறது. ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு பெண் நோய் இருந்தது தெரிந்தது. அதற்கு முன் இந்த நோய்களுக்காக எப்போதாவது பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 சதவீதம்தான். நோய் இல்லாததால் அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. கேட்க ஆளில்லாததால் பேசவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். வசதி வந்தாலும் பெண்கள் வருவார்களா? வெட்கம், ஊர்ப்பேச்சு, புருஷனின் சம்மதம், மதக் கட்டுப்பாடு இவையெல்லாம் தடையில்லையா? தடைதான். ஆனால் அது எவ்வளவு பலமான தடை என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் சோதித்துக் காட்டியிருக்கிறது. 2000-ல் அங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையைக் கிராமத்திலேயே செய்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். உள்ளுறுப்புப் பரிசோதனைக்கு மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான கிராமத்துப் பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள். பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்ததாக 2007-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து நடந்த தேசியக் குடும்ப நல ஆய்விலோ, எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்ன தமிழ்நாட்டுப் பெண்கள் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9 என்பதால் இதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் திண்டுக்கல்லின் 63.6 சதவீதத்துக்கும் மாநிலத்தின் 9.8-க்கும் உள்ள இடைவெளியை வெட்கத்தின் தலையில் கட்ட முடியாது. வெட்கம் திண்டுக்கல்லிலும் இருந்தது.

மதத்தைப் பற்றிய சந்தேகமும் அப்படியே. செயற்கைக் கருத்தடை கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1968-ல் உறுதியாகச் சொன்னது. கிறித்தவர்கள் மிகுதியாக வாழும் கன்னியாகுமரி மாவட்டம்தான் குடும்ப அளவு சீக்கிரம் சுருங்கிய மாவட்டங்களில் ஒன்று. மதத்தையும் மரபையும் விட்டுவிடாமலே பெண்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். கோயில் விசேஷத்துக்கு நாள் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கும் பெண்ணுக்குத் தன் உடம்பில் மருந்து என்ன செய்யும் என்று ஓரளவு தெரியும். அவளுக்குக் கிடைக்காதது, அந்த மாத்திரையைப் பற்றி நிதானமாக விளக்கிச் சொல்லும் ஒரு மருத்துவர்.

முதலில் அறிவைப் பரப்புவோம், வசதி பிறகு வரட்டும் என்ற வாதத்துக்குப் பதில் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இருக்கிறது. கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 82,000-க்கும் மேற்பட்டவர்களை 2019-ல் கணக்கெடுத்தபோது, 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தது தெரியவந்தது. வேலையிடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் இல்லை, ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம், வெள்ளைப்படுகிறது என்று போனால் புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தும் தனியார் மருத்துவமனை. அவர்களுக்கும் புற்றுநோயைப் பற்றி விழிப்புணர்வு இருந்தது. சிகிச்சைக்கு வேறு வழி இல்லாதபோது அந்த விழிப்புணர்வு அவர்களைக் கத்திக்குத்தான் கொண்டுபோய் விட்டது.

சிறிய உப்பு உற்பத்தியாளர்களால் கழிப்பறையும் குடிநீரும் ஏற்பாடு செய்ய முடியுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் இது புதிய சுமை அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீரையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. திறந்தவெளி உப்பளம் எப்படித் தொழிற்சாலை ஆகும் என்று பம்பாய் உப்பு உற்பத்தியாளர் ஒருவர் வழக்காடியபோது, ஆகும் என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்று கருதுவதற்கான ஆள் எண்ணிக்கையை மின்சக்தி இருந்தால் 20, இல்லாவிட்டால் 40 என உயர்த்தியிருப்பதால் சிறிய பாத்திகள் தப்பிவிடும் என்பது உண்மையே. அங்கேதான் மாநில அரசும் உள்ளாட்சியும் இறங்க வேண்டும். பல பாத்திகளுக்கு நடுவில் ஒரு பொதுக் கழிப்பறையும் நிழலும் தண்ணீர்த் தொட்டியும் கட்டுவது மலையைப் புரட்டும் வேலை அல்ல. ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்காக உட்காரும் உரிமையை 2021-ல் சட்டமாக்கிய மாநிலம் இது. வேலையிடம் உடம்பைக் கெடுத்தால் வேலையிடத்தைத்தான் திருத்த வேண்டும் என்பதை அது ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அடித்தளமும் தயாராகவே இருக்கிறது. உப்பு வேலை இல்லாத மழைக்காலத்துக்காகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதற்கான பெயர்ப் பட்டியல் அதிகாரிகளின் கையில் உள்ளது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வாசலுக்கே வருகிறது. பெரும்பாலும் காலையில் இயங்கும் புறநோயாளர் பிரிவு, அந்த நேரத்தில் அளத்தில் நிற்கிறவளுக்கு உதவாது. நிவாரணம் வழங்கப்படும் அந்த மழை மாதங்களில், கையில் நேரம் இருக்கும்போது, அதே பட்டியலை வைத்து முப்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பெண் செவிலியர் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் ரத்தசோகைப் பரிசோதனையும் செய்யலாம். திரேஸ்புரம் போன்ற மீன் இறங்கும் இடங்களில் வியாபாரத்துக்கு வரும் பெண்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்று மாவட்ட நிர்வாகம் தரும் கணக்கு இனி போதாது. எத்தனை பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள், நோய் கண்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை உப்பளங்களில் பெண்களுக்குப் பயன்படும் நிலையில் கழிப்பறை இருக்கிறது என்ற மூன்று எண்களை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரசவங்களைக் கவனமாக எண்ணத் தொடங்கிய பிறகுதான் பிரசவச் சாவுகளைக் குறைக்க முடிந்தது. பிள்ளை பெற்று முடித்த பெண்ணையும் எண்ணத் தொடங்கினால், அவளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று குறை சொல்லும் வேலை நமக்குத் தானாகவே குறைந்துபோகும்.