காரணம் தீண்டாத கதைமாந்தர்

காரணமின்றிக் காரியம் இல்லை. தருக்கம் பயிலும் மாணவன் முதல் நாளில் எழுதிக்கொள்ளும் பாடம் இது. புகையைக் கண்டால் நெருப்பு உண்டென்று துணிகிறோம். மேகம் கறுத்தால் குடை தேடுகிறோம். ஆனால் நாம் விரும்பிப் படிக்கும் கதைகளிலும் பார்க்கும் படங்களிலும் இந்தப் பாடத்துக்கு அடங்காத ஒரு கூட்டம் உலவி வருகிறது. அம்பு தைத்தாலும் அவர்கள் சாவதில்லை. மலையிலிருந்து விழுந்தாலும் மடிவதில்லை. ஆண்டுகள் பல சென்றாலும் மூப்பதில்லை. இவர்கள் யாவரும் ஓரினத்தாரா? அல்லது இவர்களுக்குள்ளும் சாதிகள் உண்டா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சி நூலகத்தில் பிறந்ததன்று. என் அறைத்தோழனின் கட்டிலருகே பிறந்தது. சென்ற மார்கழியில் ஒருநாள் நாங்கள் இருவரும் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். விடுதியின் வாயில் மூடிக் கிடந்தது. பின்புறத்து மதில்தான் வழி. நான் முதலில் ஏறிக் குதித்தேன், மண்ணில் விழுந்தேன். "இருட்டா இருக்கு, பாத்துக் குதிடே" என்றேன். நெல்லைச் சீமைக்காரனான அவன், "எனக்கு ஒண்ணும் ஆவாதுலே" என்று சொல்லிக்கொண்டே குதித்தான். அவன் விழுந்த இடத்தில் செங்கற்கள் குவிந்திருந்தன. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

உணவுக் கூடத்திலிருந்து ரொட்டியும் பருப்பும் எடுத்துச் சென்று அவனுக்குக் கொடுப்பது என் வேலையாயிற்று. அவன் பௌதிகம் படிப்பவன். இரண்டாம் நாளே கேட்டான்: "அந்தப் படத்திலே அவன் மூணாம் மாடியிலேருந்து குதிச்சு எந்திரிச்சு ஓடினாம்லா? நான் குதிச்சது ஒரு மதில். எனக்கு மட்டும் ஏன்லே இப்படி?" வேடிக்கையாகத்தான் கேட்டான். விடை தேடப் புகுந்தபோதுதான் அது வேடிக்கையன்று என்பது விளங்கிற்று. அவனுடைய குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அட்டவணை ஒன்று போடத் தொடங்கினோம்.

முதல் வகை, வரத்தால் காப்புப் பெற்றோர். இரணியனே இவர்களுக்குத் தலைவன். வான்மீகத்தில் இல்லாத அவனுடைய வதையைக் கம்பர் தம் காப்பியத்தில் ஒரு தனிப் படலமாகவே பாடியிருக்கிறார். மனிதராலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும், மண்ணிலும் விண்ணிலும் சாவில்லை என்பது அவன் கதை. வழக்கறிஞர் எழுதிய பத்திரம் போன்றது அவ்வரம். ஆயினும் அந்திப்பொழுதில், வாயிற்படியில், மடியின்மேல், நகத்தால் முடிவு வந்தது. இராவணன் மானிடரைப் பொருட்படுத்தாமல் விட்டான். அந்த விடுபட்ட சொல்லின் வழியே இராமன் வந்தான். கிரேக்கரின் அக்கிலீசுக்குக் குதிகால். நம் துரியோதனனுக்குத் தொடை. இவ்வகையின் இயல்பு யாதெனில், காரணகாரிய விதி இங்கே அழிந்துவிடவில்லை. ஒரு சிறு துளைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. கதை முழுவதும் அந்தத் துளையைத் தேடும் பயணமே.

இரண்டாம் வகை, வரலாற்றால் காப்புப் பெற்றோர். கல்கி 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய பொன்னியின் செல்வனை நம்மில் படிக்காதவர் சிலரே. புயற்கடலில் அருள்மொழிவர்மன் தத்தளிக்கும்போது நாம் நெஞ்சம் பதறுகிறோம். ஆனால் அவன் மூழ்கமாட்டான் என்பது நமக்குத் தெரியும். மூழ்கினால் 985-இல் இராசராசனாக அரியணை ஏறுவது யார்? தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பது யார்? அவன் தமையன் ஆதித்த கரிகாலன் நிலையோ இதற்கு நேர்மாறு. ஆசிரியரே விரும்பினாலும் அவனைக் காப்பாற்ற இயலாது. அவனைக் கொன்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்த ஆணை உடையார்குடிக் கோயிற் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வந்தியத்தேவனும் கல்வெட்டில் உள்ளவனே. குந்தவைப் பிராட்டியின் கணவன் என்று தஞ்சைக் கல்வெட்டு அவன் பெயரைச் சொல்கிறது. ஆகவே அவனும் காப்புடையவன். ஆனால் இதை அறியாத வாசகர் அவனுக்காக மெய்யாகவே அஞ்சுகிறார். அறிந்தவர் புன்னகை செய்கிறார். பூங்குழலிக்கோ கல்வெட்டின் துணை இல்லை. அவளை ஆசிரியர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆகவே இவ்வகைக் காப்பு கதைமாந்தரின் உடலில் இல்லை; வாசகரின் அறிவில் இருக்கிறது.

மூன்றாம் வகை, வாசகரின் தேவையால் காப்புப் பெற்றோர். கானன் டாயில் தம்முடைய செர்லக் ஓம்சை 1893-இல் சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் பகைவனோடு சேர்த்துத் தள்ளி முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை. 1903-இல் ஓம்சு திரும்பி வந்தார். பகைவன்தான் விழுந்தான், நான் விழவேயில்லை என்று அவர் விளக்கமும் தந்தார். அவரை உயிர்ப்பித்த காரணம் கதைக்குள் இல்லை. கதைக்கு வெளியே, பத்திரிகை வாங்குவோரிடம் இருந்தது. ஆயினும் ஆசிரியர் உள்ளேயும் ஒரு காரணத்தைப் புனைந்து வைத்தார் பாருங்கள். காரணமில்லாத காரியத்தை வாசகரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நான்காம் வகை, காலத்தால் தீண்டப்படாதோர். 1929-இல் தோன்றிய டின்டின் என்னும் இளம் நிருபன் 1976-இல் வெளிவந்த கதையிலும் இளைஞனாகவே இருக்கிறான். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் நம் விக்கிரமனும் இப்படித்தான். வேதாளத்தின் கேள்விக்கு விடை சொல்கிறான், மௌனம் கலைகிறது, வேதாளம் மரத்துக்குத் திரும்புகிறது. அடுத்த மாதம் மீண்டும் முதலிலிருந்து. வடமொழி மூலத்தில் கதைகள் இருபத்தைந்துதான்; அம்புலிமாமாவிலோ அது மாதந்தோறும் வளர்ந்துகொண்டே போயிற்று. செய்த காரியம் ஒவ்வொரு மாதமும் துடைக்கப்பட்டுவிடுவதால் அவன் தோளும் வலிப்பதில்லை. லீ ஃபாக் 1936-இல் படைத்த ஃபேன்டம் இவ்வகையைச் சேர்ந்தவன் போலத் தோன்றுவான், ஆனால் அல்லன். சாவில்லாதவன் என்று காட்டுமக்கள் அவனை நம்புவதற்குக் காரணம், தந்தைக்குப் பின் மகன் அதே முகமூடியை அணிவதுதான். அவன் பொய்க்காப்பாளன்.

ஐந்தாம் வகை, நகைச்சுவையால் காப்புப் பெற்றோர். சக் ஜோன்சு குழுவினர் 1949-இல் திரைக்குக் கொண்டுவந்த கயோட்டி என்னும் ஓநாயைச் சொல்லலாம். பறவையைத் துரத்தி ஓடி மலை விளிம்பையும் தாண்டி வெற்றுவெளியில் நிற்கும். கீழே பார்க்கும்வரை விழாது, பார்த்தவுடன் விழும். விழுந்தபின் நொறுங்கும், அடுத்த காட்சியில் முழுதாக எழுந்து வரும். பௌதிக மாணவனான என் தோழனுக்கு இந்த ஓநாயின்மேல்தான் பற்று அதிகம். "இதுக்குக் காப்பே இல்லலே. விழுது, அடிபடுது. சாவு மட்டும்தான் இல்லே" என்றான். உண்மைதான். தண்டனை உண்டு, தடம் இல்லை.

ஆறாம் வகை, நாயகன் என்பதாலேயே காப்புப் பெற்றோர். இவனுக்கு வரமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. இயற்கை விதி எல்லாருக்கும் பொது என்றே கதை சொல்கிறது. ஆயினும் பத்துப்பேர் சுட்டாலும் குண்டுகள் விலகிப் போகின்றன. அவன் சுட்டால் ஒன்றும் தவறுவதில்லை. திரையில் எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பிய எம்.ஜி.ஆரின் கழுத்தில் 1967 ஜனவரி 12 அன்று மெய்யான குண்டொன்று பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் குரல் பழைய குரலாக இல்லை. நாயகனுக்கு இருந்த காப்பு நடிகருக்கு இல்லை.

தொல்காப்பியர் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டைப் பிரித்தோதினார். நம் ஆறு வகையினரும் நாடக வழக்கினர். அந்த எல்லைக்குள் அவர்கள் வாழ்வதில் குற்றமில்லை. காப்பே இல்லாத மாந்தரையும் நம் முன்னோர் படைத்தனர் என்பதை மறத்தலாகாது. கோவலனை எந்த வரமும் காக்கவில்லை. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரோடு சங்கமனைக் கொல்வித்த வினை மதுரைத் தெருவில் அவனைக் கண்டுபிடித்தது. தொடர்ந்து வந்து பயனூட்டும் அந்த வினையையே இளங்கோவடிகள் தம் நூலின் மூன்று உண்மைகளுள் ஒன்றாக வைத்தார்.

அட்டவணை முடிந்தது என்று எண்ணினோம். அப்போது என் தோழன் ஒரு கேள்வி கேட்டான். "நாயகன் மேல படாத குண்டு எங்கலே போவுது?"

அந்தக் கேள்வி எங்கள் அட்டவணையைத் தலைகீழாக்கிவிட்டது. மறுபடி ஒவ்வொரு கதையாக எடுத்துப் பார்த்தோம். காரியம் எங்கும் மறைந்துவிடவில்லை. பெரும்பாலும் இடம் மாறியிருந்தது. குறிதவறிய குண்டு நாயகனின் நண்பன்மேல் பாய்கிறது. சயத்திரதன் தலையை மண்ணில் வீழ்த்துபவன் தலை சிதறும் என்றிருந்ததால், அருச்சுனன் அத்தலையைச் சயத்திரதனின் தந்தை மடியில் விழச் செய்தான். அறியாமல் எழுந்த அந்தக் கிழவரின் தலை சிதறிற்று. எல்லாவற்றிலும் கொடியது கடோற்கசன் கதை. இந்திரன் கொடுத்த வேலைக் கன்னன் அருச்சுனனுக்கென்று பொத்தி வைத்திருந்தான். ஒருமுறைதான் எறியலாம். பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் ஏவப்பட்டான். கன்னனை வேறு வழியில்லாமல் செய்தான். வேல் அவன்மேல் பாய்ந்தது. கண்ணன் மகிழ்ந்தான் என்று பாரதம் சொல்கிறது. அருச்சுனனுக்குக் காப்பு இருந்தது உண்மை. அந்தக் காப்பின் பெயர் கடோற்கசன்.

ஆகவே ஏழாவதாக ஒரு பத்தியை அட்டவணையில் சேர்த்தோம். அதன் தலைப்பு: "விலை கொடுத்தவர் யார்?" இரணியனுக்கு நேரே "அவனே" என்று எழுதினோம். ஓநாய்க்கு நேரே "எவருமில்லை." அருச்சுனனுக்கு நேரே "கடோற்கசன்."

பிறகு என் தோழன் தன் பெயரையும் என் பெயரையும் அடியில் எழுதினான். தன் பெயருக்கு நேரே "அம்மா" என்றான்; மருத்துவச் செலவுக்காக அவர் தம் வளையல்களை அடகு வைத்திருந்தார். என் பெயருக்கு நேரே இருவரும் எதையும் எழுதவில்லை. நான் மண்ணில் விழுந்தவன், காயம் இல்லாதவன், விசாரணையிலும் தப்பியவன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு வாயிற்காவலர் நினைவு வந்தது. நாங்கள் அவரைச் "சாச்சா" என்று அழைப்போம். அறுபதை நெருங்கியவர். குளிர்காலத்தில் வாளியில் கரியிட்டுக் குளிர்காய்ந்தபடி இரவு முழுதும் விழித்திருப்பார். தேர்வு நாட்களில் நள்ளிரவு கடந்து நூலகத்திலிருந்து திரும்பினால் தேநீர் கொடுப்பார். அவர் காவலில் இருக்கும்போது மாணவன் மதிலேறிக் குதித்தான் என்பதால், காவலர்களை அமர்த்தும் ஒப்பந்தக்காரர் அடுத்த வாரமே அவரை நிறுத்திவிட்டார். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அது எங்கள் குதிப்பின் காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கதை பார்ப்பவனைப் போலவே, நாயகன் எழுந்து ஓடியதும் நானும் அவனோடு ஓடிவிட்டேன்.

குறிப்பேட்டில் என் பெயருக்கு நேரே "சாச்சா" என்று நானே எழுதினேன்.

மறுநாள் நான் விடுதிக் காப்பாளரிடம் சென்று, குதித்தவர் இருவர், காவலர்மேல் குற்றமில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எனக்கு அபராதம் விதித்தார்கள், கட்டினேன். சாச்சாவைத் திரும்ப அமர்த்த வேண்டுமென்று அறுபத்து மூன்று மாணவர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை ஒப்பந்தக்காரருக்கும் அனுப்பினோம். இதை எழுதும் நாள்வரை பதில் இல்லை. வாயிலில் இப்போது ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். வாளி மட்டும் பழைய வாளி.

நண்பர்களே, கதைமாந்தரின் காப்புகளைக் கண்டு களியுங்கள், நானும் களிக்கிறேன். என் தோழன் கட்டைப் பிரித்துவிட்டான். இப்போது ஊன்றுகோலோடு படம் பார்க்கக் கிளம்புகிறான். நாங்கள் முதல் ஆட்டத்துக்குப் போகிறோம்.