சொல்லைப் பிளந்து பார்ப்போம்!

ஆங்கிலத் தேர்வில் 'பல சொற்களுக்கு ஒரு சொல் தருக' என்று ஒரு வினா வரும் அல்லவா? ஒரே கல்லால் ஆன தூணுக்கு 'மானோலித்' என்று எழுதினால் ஒரு மதிப்பெண். இப்படி நூறு, இருநூறு சொற்களை நெட்டுருப் போடுகிறோம். தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுகிறோம். உண்மையில் இவற்றில் பலவற்றை நெட்டுருப் போடத் தேவையே இல்லை. அந்த நீண்ட விளக்கம் சொல்லுக்குள்ளேயே கிரேக்கத்திலோ இலத்தீனிலோ மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மடிப்பைப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் என்ற ஊர் உள்ளது. ஊரையொட்டி ஒரு பாறைக் குன்று. அதன்மேல் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட சிவன் கோயில். (பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க் குறிப்புகளில் ஆங்கிலேயர் இந்த மலைக்கோட்டையைப் 'பெர்மாக்காயில்' என்று எழுதி வைத்தார்கள். பாவம், நம் ஊர்ப் பெயர்!) குன்றிலுள்ள குகையில் பழங்கால மனிதர் பாறையில் கீறிய உருவங்கள் இருக்கின்றன. 'பாறையில் கீறப்பட்ட பழங்கால உருவம்' என்ற இத்தனை சொற்களுக்கும் ஈடான ஒரே சொல் 'பெட்ரோகிளிஃப்'. கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் பாறை. 'கிளிஃபே' என்றால் செதுக்கல்.

ஒரு திறவுகோல் கிடைத்துவிட்டது. இனி எத்தனை பூட்டுகள் திறக்கின்றன, பாருங்கள்! 'ஒலியம்' என்றால் எண்ணெய் என்று சொல்லிவிட்டால், 'பெட்ரோலியம்' பாறை எண்ணெய் என்பதை நீங்களே கூறிவிடுவீர்கள். உங்கள் வகுப்பில் பீட்டர் என்று யாராவது இருந்தால், அவர் பெயருக்கும் பாறை என்பதே பொருள்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா உள்ளது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலுக்கடியில் புதைந்தன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றில் ஊறி, மரப்பொருள் இருந்த இடங்களைச் சிறிது சிறிதாகக் கல்லாக நிரப்பியது. அடிமரத்தின் வரிகள்கூட அப்படியே தெரியும், தொட்டால் கல்! இதை ஆங்கிலத்தில் 'பெட்ரிஃபை' என்பார்கள். அச்சத்தால் அசைவற்று நிற்பவனுக்கும் இதே சொல்தான். நாமும் 'கல்லாய்ச் சமைந்தான்' என்றுதானே சொல்கிறோம்? 'கல்மரம்' என்று ஊரார் வழங்கும் பெயர் அறிவியலார் ஆக்கிய எந்தச் சொல்லுக்கும் குறைந்ததன்று.

எங்கள் இயற்பியலிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. மின்னாற்பகுப்பை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் தகட்டையும் வெளியேறும் தகட்டையும் ஒவ்வொரு முறையும் நீட்டி விளக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலிடம் யோசனை கேட்டார். 1834-இல் 'ஆனோடு', 'கேத்தோடு' என்ற சொற்கள் பிறந்தன. 'ஹோடாஸ்' என்றால் வழி. 'ஆனா' மேலே, 'கேட்டா' கீழே. மேல்வழி, கீழ்வழி, அவ்வளவுதான்! இரண்டு வழி இருந்தால் 'டையோடு'. பேருந்து ஓடிய தூரத்தைக் காட்டும் 'ஓடோமீட்டரில்' இருப்பதும் இதே 'ஹோடாஸ்'தான்; நம் 'ஓடு' அன்று. 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லே ஹியூவெல் ஆக்கியதுதான். அதுவும் 1834-இல் அச்சேறியது. அதற்கு முன் 'இயற்கைத் தத்துவவாதி' என்று நீட்டி முழக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சொல்லுக்குள் இருப்பது அதை ஆக்கியவர் அன்று நம்பிய விளக்கம். அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லா அமிலங்களிலும் இருப்பதாக லவாசியே கருதிய வாயுவுக்கு, 'அமிலம் ஆக்குவது' என்ற பொருளில் 'ஆக்சிஜன்' என்று பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை! பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 'மலேரியா' என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். காற்று நிரபராதி, பழி இன்னும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஃபாசில்' என்பதற்கு மூலப்பொருள் 'தோண்டி எடுத்தது' என்பதே. 1546-இல் அக்ரிகோலா இச்சொல்லைத் தலைப்பில் வைத்து எழுதிய நூல் பெரும்பாலும் கனிமங்களைப் பற்றியது. அந்தக் கணக்கில் நிலக்கடலையும் ஃபாசில்தான்! எனவே சொல்லைப் பிரித்தபின், பொருளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிரித்தாலும் ஒன்றும் கிடைக்காத சொற்களும் உண்டு. சென்னைப் பல்லாவரத்துக் கரும்பாறை வகைக்குச் 'சார்னகைட்' என்று பெயர். இதில் கிரேக்கம் இல்லை, இலத்தீன் இல்லை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே. அதனால் 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். இத்தகைய சொற்களைக் கதையோடு நினைவில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி உங்களுக்கு ஒரு வேலை. 'மானோஸ்' என்றால் ஒற்றை, 'லித்தோஸ்' என்றால் கல், 'மெகாஸ்' என்றால் பெரிய, 'கிராஃபே' என்றால் எழுத்து. மெகாலித், மானோகிராம், லித்தோகிராஃப், லித்தோஸ்ஃபியர் ஆகிய நான்கையும் பிரித்துத் தமிழில் எழுதுங்கள். பிறகு அகராதியைத் திறந்து, எந்தச் சொல் உங்களை ஏமாற்றியது என்று பாருங்கள்.