பாறைக்கும் பருவம் உண்டு

கோடை விடுமுறையில் வெளிநாடு போய்ப் பாறை ஏற வேண்டும் என்று யாராவது சொன்னால், "எந்த மாதம் லீவு?" என்றுதான் முதலில் கேட்பேன். பலரும் விமானக் கட்டணத்தையும் நாலு படங்களையும் பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்துவிடுகிறார்கள். நமக்குக் கோடை என்பது ஏப்ரல், மே. ஐரோப்பாவுக்கு ஜூலை, ஆகஸ்ட். தென்னாப்பிரிக்காவில் அதே ஜூலை நடுக் குளிர்காலம்.

பாறையை விரல் நுனியாலும் ஷூவின் ரப்பராலும் பற்றுகிறோம். வெயில் ஏறினால் விரல் வியர்க்கும், எவ்வளவு சாக் பவுடர் பூசினாலும் வழுக்கும், தோல் சீக்கிரம் கிழியும். நேற்று காலையில் கைக்கு வந்த பிடி இன்று மதியம் கைவிட்டுப் போகும். அதனால்தான் தேர்ந்த கிளைம்பர்கள் நிழலையும் குளிர்ந்த காற்றையும் தேடிப் போகிறார்கள்.

நம் ஊரிலிருந்து பக்கம் என்பதால் முதலில் கண்ணில் படுவது தாய்லாந்தின் ரெய்லே. கடலிலிருந்து நேராக எழும் சுண்ணாம்புப் பாறைகள். அழகில் குறையே இல்லை. ஆனால் அதன் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஏப்ரலில் புழுக்கம், மே மாதத்தில் மழை தொடங்கிவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு அங்கே, கயிறு மாட்டுவதற்காகப் பாறையில் அடித்த துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளையே உள்ளுக்குள் அரித்து உடைத்திருக்கிறது. அதனால் பல ரூட்டுகளில், அதாவது ஏறும் வழிகளில், டைட்டானியம் போல்ட்டுகளாக மாற்றியிருக்கிறார்கள். எந்த ரூட் மாற்றப்பட்டது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் ஏறக் கூடாது.

ஏப்ரல், மே மாத விடுமுறைக்கு என் தேர்வு கிரேக்கத்தின் காலிம்னோஸ் தீவு. தயக்கமில்லாமல் சொல்வேன். கோஸ் தீவுக்குப் பறந்து, அங்கிருந்து படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் கரை சேரலாம். தலைமுறை தலைமுறையாகக் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்த தீவு இது. ஈஸ்டர் முடிந்ததும் ஆண்கள் படகேறினால் இலையுதிர்காலத்தில்தான் திரும்புவார்கள். ஆழத்தில் மூழ்கி முடமானவர்கள் ஏராளம். 1980-களில் கடற்பஞ்சைத் தாக்கிய நோய் அந்தத் தொழிலை ஒடித்துப் போட்டது. 1990-களில் விடுமுறைக்கு வந்த இத்தாலியர் ஆண்ட்ரியா டி பாரி அங்கிருந்த பாறைகளைப் பார்த்து வியந்து, போல்ட் அடிக்கத் தொடங்கினார். இன்று 3,000-க்கும் மேற்பட்ட ரூட்டுகள் இருக்கின்றன. மசூரி கிராமத்தின் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் கிளைம்பர்களை நம்பியே நடக்கின்றன. ஒரு தீவுக்குப் பாறை சோறு போடுகிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கும் செய்தி.

அங்கே போல்ட்டுகள் நெருக்கமாக இருக்கும். புதியவர்களுக்கான எளிய ரூட்டுகளும் நிறைய. கிராண்ட் க்ரோட்டா குகையில் விழுதுகளைப் போலத் தொங்கும் சுண்ணாம்புத் தூண்களைக் கட்டிப்பிடித்து ஏறுவது கைதேர்ந்தவர்களின் வேலை. மேற்கு நோக்கிய சரிவுகள் என்பதால் காலை முழுக்க நிழல். ஆகஸ்டில் போனால் மட்டும் பாதி நாள் கடலில்தான் கழியும்.

ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் உயரத்துக்கோ வடக்குக்கோ போக வேண்டும். பிரான்ஸின் செயூஸ் மலை சுமார் 2,000 மீட்டர் உயரம். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க நடந்தால்தான் பாறையடிக்கே போக முடியும். கிறிஸ் ஷர்மா 2001-இல் ஏறி முடித்த 'பயோகிராஃபி' ரூட் அங்கேதான் இருக்கிறது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஜூன் மாதம் சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் கருங்கல்லில் ஏறலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் போல்ட் கிடையாது. பிளவுகளில் நாமே கருவிகளைச் செருகிப் பாதுகாப்பு அமைக்க வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. கனடாவின் ஸ்குவாமிஷும் கோடைக்கு ஏற்ற கருங்கல் ஊர்தான். கயிறில்லாமல் குட்டைப் பாறைகளில் ஏறும் போல்டரிங் பிடித்தவர்களுக்கு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்னாப்பிரிக்காவின் ராக்லேண்ட்ஸ் மணற்பாறைகளை மிஞ்ச இடமில்லை. இரவில் குளிர் வாட்டும், கம்பளி வேண்டும்.

கிரேக்கம், பிரான்ஸ், நார்வே போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீட்டில் பாறையேற்றம் பெரும்பாலும் சேர்வதில்லை. பாலிசியை வரிக்கு வரி படித்து, தேவைப்பட்டால் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றின் நீளத்தையும் ஊரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உள்ளூரில் போதுமான 60 மீட்டர் கயிறு காலிம்னோஸின் நீண்ட ரூட்டுகளுக்குப் போதாது. 80 மீட்டர் கொண்டுபோவது நல்லது. ஏறியவரை இறக்கும்போது கயிறு தீர்ந்து, கீழே கயிறு பிடிப்பவரின் கருவியிலிருந்து நுனி நழுவிப்போய் நடந்த விபத்துகள் பல. அதனால் எந்த ஊரானாலும், கயிற்றின் கடைசி நுனியில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று இருவரும் கண்ணால் பார்த்த பிறகே, முதல் பிடியில் கை வைக்க வேண்டும்.